உலக்கைப் பூணும் ராக்கெட் இறக்கையும்

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் நீர் ராக்கெட் செய்தோம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அட்டையில் வெட்டிய மூன்று வால் இறக்கைகள், அழுத்தமானி பொருத்திய சைக்கிள் பம்பு. செலவு அதிகமில்லை. ஆனால் இரண்டாவது முறை பறக்கவிடும்போதே அட்டை இறக்கைகள் நனைந்து தொய்ந்துவிட்டன. ராக்கெட் மேலே போகாமல் பக்கவாட்டில் சுழன்று விழுந்தது.

இதற்கு ஒரு நல்ல தீர்வு தருகிறேன் என்று எண்ணி, பட்டம் கட்டுபவர்களும் மாதிரி விமானம் செய்பவர்களும் பயன்படுத்தும் மெல்லிய கார்பன் இழைப் பட்டைகளை வாங்கி வந்தேன். அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கி ஒட்டி மூன்று இறக்கைகள் செய்தேன். “இது எஃகைவிட வலிமையானது, இனி உடையவே உடையாது” என்று எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் பெருமையாகவும் சொன்னேன்.

முதல் முறை பறந்து தரையில் மோதிச் சாய்ந்ததுமே ஓர் இறக்கை போய்விட்டது. பாட்டிலோடு சேரும் இடத்தில், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேராகப் பிளந்திருந்தது. அதைக் கையில் எடுத்த ஒரு மாணவி, அறிவியல் பாடவேளையில் அதிகம் வாய் திறக்காதவள், சொன்னாள்: “சார், இது விறகு பிளந்த மாதிரி இருக்கு. எங்க ஆயா வீட்டு உலக்கையும் இப்படித்தான் நீளவாக்குல விரிசல் விட்டுச்சு. தாத்தா பூண் மாட்டினாரு, அப்புறம் விரியல.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. நான் விலையுயர்ந்த பொருளை வாங்கியிருந்தேன். அதை எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. கார்பன் இழையைப் பற்றி வகுப்பில் பேச விரும்பும் ஆசிரியர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த உலக்கைதான் என்று அன்று புரிந்தது. அதிலிருந்து உருவான பாடத்தையும் செயல்பாடுகளையும் இங்கே பகிர்கிறேன்.

உலக்கைக்குப் பூண் எதற்கு?

மரம் என்பது இழைகளால் ஆனது. செல்லுலோஸ் என்ற நுண்ணிழைகள் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றை லிக்னின் என்ற இயற்கைப் பசை பிணைத்து வைத்திருக்கிறது. உலக்கையை நீளவாக்கில் இழுத்து அறுப்பது யாராலும் முடியாது. ஆனால் நுனியில் இடி விழ விழ, இழைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பு விட்டுக்கொடுத்து நீளவாக்கில் பிளக்கிறது. விறகு பிளப்பவரும் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். குறுக்கே வெட்டக் கோடரி பலமுறை விழ வேண்டும். நீளவாக்கில் ஒரே அடி போதும்.

உலக்கையின் நுனியைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டினால், மரம் பலவீனமாக உள்ள திசையில் அந்த வளையம் வலிமை தருகிறது. நீளவாக்கில் மர இழை, சுற்றுவாக்கில் பூண். இரண்டு திசைக்கும் இரண்டு ஏற்பாடு. இழையும் பசையும் சேர்ந்த பொருளைக் கூட்டுப்பொருள் என்கிறோம். கூட்டுப்பொருளில் எதைச் செய்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விசை எந்தத் திசையில் வருகிறது, இழை எந்தத் திசையில் ஓடுகிறது?

கார்பன் இழை என்பது என்ன?

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் முதன்மையான மூலப்பொருள் பாலிஅக்ரைலோநைட்ரைல் என்னும் பலபடி. இன்று உலகில் செய்யப்படும் கார்பன் இழைகளில் பெரும்பகுதி இதே பலபடியிலிருந்து வருகிறது. இந்த இழையை இழுத்துப் பிடித்தபடி முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கும் மேல் சூடாக்குகிறார்கள். மற்ற அணுக்கள் வாயுக்களாக வெளியேற, ஏறக்குறைய கார்பன் மட்டும் மிஞ்சுகிறது.

நம் ஊர்க் கரிமூட்டத்தை நினைவுபடுத்தினால் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். விறகை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் கனல விடுகிறார்கள். காற்று புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. எடிசன் 1879-ல் மின்விளக்குக்காகப் பருத்தி நூலைக் கரியாக்கியதும் இதே வழியில்தான். ஆனால் வலிமையான பொருளாகக் கார்பன் இழையை உருவாக்கும் ஆய்வுகள் 1950-களின் இறுதியிலும் 1960-களிலும்தான் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகளில் வெற்றி பெற்றன.

ஒரு கார்பன் இழையின் விட்டம் சுமார் 7 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. துணி நெய்ய இத்தகைய 3000 இழைகளை ஒரு கற்றையாகச் சேர்ப்பது வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் கிராஃபைட் பற்றிப் படிக்கும்போது, கார்பன் அணுக்கள் அறுகோண அடுக்குகளாக அமைவதைச் சொல்லித் தருகிறோம். பென்சில் முனையில் அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் எழுத முடிகிறது. கார்பன் இழையில் அதே அடுக்குகள் இழையின் நீளவாக்கில் அமைந்திருக்கின்றன. அடுக்குக்குள் உள்ள அணுப் பிணைப்பு மிக உறுதியானது. எனவே நீளவாக்கில் இழுத்தால் இழை எளிதில் அறுவதில்லை.

எவ்வளவு உறுதி? பரவலாகப் பயன்படும் வகைக் கார்பன் இழைகளை 1 சதுர மி.மீ. பரப்புள்ள கற்றையாகச் சேர்த்தால் சுமார் 350 கிலோ எடையைத் தாங்கும். அதே பரப்புள்ள மென் எஃகுக் கம்பி சுமார் 40 கிலோ தாங்கும். அடர்த்தியோ, எஃகுக்கு ஒரு கன செ.மீ.க்கு 7.8 கிராம், கார்பன் இழைக்குச் சுமார் 1.8 கிராம்.

இந்தக் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்தியதுதான் நான் செய்த தவறு. அந்த 350 கிலோ நீளவாக்குக்கு மட்டுமே உரியது. எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் பட்டையைக் குறுக்கே இழுத்தால், தாங்குவது நடுவில் உள்ள பசை மட்டுமே. நீளவாக்கு வலிமையில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

ராக்கெட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பொழுதுபோக்கு ராக்கெட் அமெரிக்காவில் வளர்ந்த கலை. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏவப்பட்டபின் அங்குள்ள சிறுவர்கள் பலர் உலோகக் குழாய்களில் வேதிப்பொருள்களை அடைத்துத் தாங்களே ராக்கெட் செய்யப் பார்த்தார்கள். காயங்களும் இழப்புகளும் நேர்ந்தன. நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல், காகிதமும் லேசான மரமும் கொண்ட ஒரு சிறு ராக்கெட்டை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். ராக்கெட் துறையில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன் அதைப் பரப்பினார். எரிபொருளை யாரும் வீட்டில் கலக்கக் கூடாது, தொழிற்சாலையில் செய்த சிறு இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும், உடலும் இறக்கையும் உலோகம் அல்லாத லேசான பொருளாக இருக்க வேண்டும், தொலைவில் நின்று மின்சாரம் மூலம் பற்றவைக்க வேண்டும் என்ற விதிகள் அப்படித்தான் நிலைபெற்றன.

பிற்காலத்தில் இந்த ராக்கெட்டுகள் பெரிதாகி, வேகம் கூடியபோது காகிதமும் மரமும் போதவில்லை. அதிக வேகத்தில் மெல்லிய இறக்கைகள் காற்றில் படபடத்துக் கிழிந்தன. அப்போதுதான் கண்ணாடி இழையும் அதன்பின் கார்பன் இழையும் வந்தன. ஓர் இறக்கையின் முனையில் தொடங்கி, உடல் குழாயின் மேல் படிந்து, அடுத்த இறக்கையின் முனை வரை ஒரே துணியாகக் கார்பனைப் போர்த்துவது அங்கே வழக்கமான முறை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இழை அறுபடாமல் தொடர்வதே இதன் பயன். என் இறக்கை பிளந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

வால் இறக்கை லேசாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது உடலின் ஒரு விட்ட அளவாவது முன்னால் இருப்பது நல்லது என்பது நடைமுறை விதி. வாலில் எடை கூடினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகும், ராக்கெட் தடுமாறும். எனவே இறக்கை விறைப்பாகவும் லேசாகவும் இருக்க வேண்டும்.

விண்வெளி ராக்கெட்டுகளிலும் இதே கணக்குதான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அதன் நான்காம் நிலை இயந்திரத்தின் கூடு இழைவலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனது. கடைசி நிலையில் ஒரு கிலோ குறைத்தால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ கூட்டலாம். 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த தனியார் ராக்கெட்டான விக்ரம்-எஸ் கார்பன் கூட்டுப்பொருள் உடலைக் கொண்டது. கலாம் பலமுறை நினைவுகூர்ந்த மற்றொரு செய்தியையும் மாணவர்களிடம் சொல்லலாம். ஐதராபாத்தில் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மூன்று கிலோ அளவுக்கு எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டி நடந்தார்கள். ஏவுகணைக்காக உருவாக்கிய கூட்டுப்பொருளைக் கொண்டு சில நூறு கிராம் எடையுள்ள தாங்கிகளை அவர் குழு செய்து கொடுத்தது. லேசாக்குவது என்பது வேகத்துக்காக மட்டும் அல்ல என்று மாணவர்கள் உணர இந்த ஒரு நிகழ்வு போதும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

கீழ்வரும் முதல் மூன்று செயல்பாடுகளுக்குக் கார்பன் தேவையில்லை. அவற்றை முடிக்காமல் நான்காவதுக்குப் போக வேண்டாம்.

செயல்பாடு 1: செய்தித்தாள் கிழித்தல் (3 முதல் 5-ஆம் வகுப்பு வரை)

ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகவும், அடுத்து இடமிருந்து வலமாகவும் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும். மற்றொரு திசையில் கோணல்மாணலாகக் கிழியும். காகிதம் செய்யும்போது மர இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதே காரணம். எந்தத் திசையில் இழை ஓடுகிறது என்று அம்புக்குறி வரையச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பசை தடவி ஒட்டி, காய்ந்தபின் கிழிக்கச் சொல்லுங்கள். இப்போது எந்தத் திசையிலும் எளிதில் கிழியாது. ஒட்டுப்பலகை செய்யும் தத்துவம் இதுவே.

செயல்பாடு 2: இரண்டு அளவுகோல்கள் (7, 8-ஆம் வகுப்பு)

ஒரே மாதிரியான பிளாஸ்டிக் அளவுகோல்கள் சில எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசை விளிம்பில் 20 செ.மீ. வெளியே நீட்டி, மறுமுனையை அழுத்திப் பிடித்து, நுனியில் சிறு எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். அடுத்து, இரண்டு அளவுகோல்களை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதே எடையுடன் அளக்க வேண்டும். கடைசியாக, இரண்டையும் முழுநீளத்துக்கும் நன்றாக ஒட்டிக் காயவைத்து அளக்க வேண்டும்.

ஒன்று 16 மி.மீ. தொய்ந்தால், ஒட்டாத இரண்டு 8 மி.மீ. அளவில் தொய்யும். ஒட்டிய இரண்டு 2 மி.மீ.க்கு அருகில் வர வேண்டும். தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. கன எண்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஒட்டு சரியில்லை என்றால் எட்டு மடங்கு கிடைக்காது. அதையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பசையின் வேலை என்ன என்பது அப்போது விளங்கும். லேசான நுரைப் பலகையின் இரு பக்கமும் தடித்த காகிதம் ஒட்டி, அதே காகிதத்தை மட்டும் இரண்டாக ஒட்டியதோடு ஒப்பிடச் சொன்னால், எடை கூடாமல் விறைப்பைக் கூட்டும் வழியும் தெரிந்துவிடும்.

செயல்பாடு 3: ஈர்க்கும் நூலும் (8 முதல் 10-ஆம் வகுப்பு வரை)

ஒரு சிறிய பி.வி.சி. குழாயின் மேல் பாலிதீன் தாளைச் சுற்றி, அதன்மேல் பழைய காகிதத்தைப் பசை தடவி மூன்று சுற்றுச் சுற்றி, காய்ந்ததும் உருவி எடுத்தால் காகிதக் குழாய் கிடைக்கும். ஒரே அளவில் மூன்று குழாய்கள் தேவை. முதலாவதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் தென்னை ஈர்க்குகளை நீளவாக்கில் ஒட்டுங்கள். மூன்றாவதில் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள்.

சோதனைகள் இரண்டு. குழாயின் இரு முனைகளையும் இரண்டு மேசைகளில் வைத்து நடுவில் எடை தொங்கவிடுவது முதல் சோதனை. இதில் ஈர்க்குக் குழாய் குறைவாக வளையும். குழாயின் வாயில் ஒரு கூம்பை வைத்து அழுத்துவது இரண்டாவது. இதில் நூல் சுற்றிய குழாய் விரியாமல் நிற்கும். “இரண்டையும் தாங்கும் குழாய் வேண்டுமானால்?” என்று கேளுங்கள். விடை மாணவர்களிடமிருந்தே வரும்.

பத்தாம் வகுப்பினருக்கு ஒரு படி மேலே போகலாம். உள்ளே அழுத்தம் உள்ள குழாயில் சுற்றுவாக்கில் வரும் தகைவு, அழுத்தம் × ஆரம் ÷ சுவர்த் தடிமன். நீளவாக்கில் வரும் தகைவு அதில் பாதிதான். மோட்டார் பம்பின் பிளாஸ்டிக் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது பெரும்பாலும் நீளவாக்கில் கிழிவதன் காரணம் இதுவே. சுற்றுவாக்கில்தான் இரு மடங்கு வலிமை தேவை. பூணுக்கு இப்போது ஒரு கணக்கும் கிடைத்துவிட்டது.

செயல்பாடு 4: இறக்கையைத் திட்டமிடுதல்

நுரைப் பலகை அல்லது பால்சா மரத்தில் இறக்கை வடிவத்தை ஆசிரியர் வெட்டித் தர வேண்டும். ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள ஆயத்தக் கார்பன் பட்டைகளை அளவாக நறுக்கி, முனைகளைத் தேய்த்து வைத்திருக்க வேண்டும். அவற்றை எந்தத் திசையில் வைப்பது என்று மாணவர்கள் காகிதத்தில் வரைந்து, காரணமும் எழுத வேண்டும். அதன்பின் ஆசிரியர் எபாக்சி பசையால் ஒட்டித் தருவார்.

காற்றும் மோதலும் இறக்கையை வேரிலிருந்து வளைக்கின்றன. எனவே சில பட்டைகள் வேரிலிருந்து முனையை நோக்கி ஓட வேண்டும். படபடப்பின்போது இறக்கை முறுக்கிக்கொள்கிறது. அதைத் தடுக்க 45 டிகிரி சாய்வில் இரு புறமும் பட்டைகள் வேண்டும். நான் செய்ததுபோல எல்லாப் பட்டைகளையும் பாட்டிலுக்கு இணையாக வைத்தால், வேரில் பிளப்பதைத் தடுக்க எதுவுமே இல்லை.

எடைக் கணக்கும் செய்யச் சொல்லுங்கள். 100 சதுர செ.மீ. இறக்கையின் இரு பக்கமும் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணி ஒட்டினால் துணி 4 கிராம். கையால் பூசும்போது பசையும் ஏறக்குறைய அதே எடை, 4 கிராம். உள்ளே 2 மி.மீ. பால்சா சுமார் 3 கிராம். மொத்தம் 11 கிராம். 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் அதே இறக்கை 54 கிராம் வரும்.

ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டியவை

கார்பன் துணியில் எபாக்சி பூசித் தகடு செய்வது மாணவர் செயல்பாடு அல்ல. ஆசிரியர் முன்கூட்டியே செய்து, காய்ந்த தகட்டை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். முறை எளிது. சமமான பலகையில் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து மெழுகு தடவுங்கள். துணியை எடைபோட்டு, அதே எடைக்குப் பசை கலக்குங்கள். பசையும் கடினமாக்கியும் எந்த விகிதம் என்பது டப்பாவில் இருக்கும். கண்ணளவு கூடாது, தராசு வேண்டும். ஒரு துணியை நேராகவும் அடுத்ததை 45 டிகிரி திருப்பியும் வைத்து, பிரஷால் ஒற்றி ஒற்றிப் பசையை இறக்குங்கள். மேலே இன்னொரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பலகை, எடை. ஒருநாள் அசையாமல் இருக்கட்டும். முதலில் விலை குறைந்த கண்ணாடி இழைத் துணியில் பழகிவிட்டுக் கார்பனுக்கு வருவது நல்லது.

இங்கே என் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாத மதியம் ஒன்றில், மொத்தப் பசையையும் ஒரே ஆழமான பிளாஸ்டிக் கோப்பையில் கலந்து வைத்துவிட்டுத் துணி வெட்டப் போனேன். எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளியிடும். ஆழமான கோப்பையில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. திரும்பி வந்தபோது கோப்பை புகைந்துகொண்டிருந்தது. உதவிக்கு நின்றிருந்த மாணவன் அதை எடுக்கக் கை நீட்டியிருந்தான். அவனை இழுத்து நிறுத்திவிட்டு, மண்ணைக் கொட்டி மூடினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் மாணவர்கள் இல்லாத நேரத்தில், காலை வேளையில், அகலமான தட்டில், சிறிது சிறிதாக மட்டுமே கலக்கிறேன்.

மற்ற எச்சரிக்கைகள்:

• இறுகாத எபாக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் தொடரும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். காற்றோட்டமான திறந்தவெளியில் வேலை செய்யுங்கள்.

• கார்பன் தகட்டை அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர் ஊற்றி ஈரமாகத் தேய்த்து, முகக்கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும். உடைந்த முனைகள் சிலாம்பு போலத் தைக்கும்.

• கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கணினி, மின்பொறிகள் அருகே அறுக்கக் கூடாது. மின்கம்பி செல்லும் இடத்தில் கார்பன் குச்சியோடு பட்டமோ ராக்கெட்டோ விடக் கூடாது.

• பாலியெஸ்டர் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். நுரையின்மேல் எபாக்சியே பொருந்தும்.

நீர் ராக்கெட் விதிகள்

பள்ளியில் எரிபொருள் ராக்கெட் வேண்டாம். உரிமம் இன்றி வெடிபொருள் தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, 1957-ல் அமெரிக்கச் சிறுவர்கள் கொடுத்த விலையை நம் மாணவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. நீர் ராக்கெட்டே நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் போதுமானது.

காற்றடைத்த குளிர்பான பாட்டில் மட்டுமே பயன்படுத்துங்கள். குடிநீர் பாட்டில் கூடாது. கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர், 45 பிஎஸ்ஐ-க்கு மிகாத அழுத்தம், பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றால் விடுவிக்கும் ஏற்பாடு, கண்ணாடி ஆகியவை கட்டாயம். இறக்கைகளைச் சூடான பசையால் நேரடியாகப் பாட்டிலில் ஒட்டாதீர்கள். வெப்பம் பாட்டிலைப் பலவீனமாக்கும். இன்னொரு பாட்டிலிலிருந்து வெட்டிய வளையத்தில் இறக்கைகளைப் பொருத்தி, அதை மாட்டிவிடலாம்.

பாட்டிலின்மேல் கார்பன் சுற்றி அழுத்தத்தைக் கூட்டலாமா என்று ஆர்வமுள்ள மாணவர் கட்டாயம் கேட்பார். கூடாது. வீட்டில் செய்த அழுத்தக் கலனை நம்ப முடியாது. வெடித்தால் சிதறுவது கூரிய கார்பன் துண்டுகள். முன்முனையிலும் கார்பன் வேண்டாம். அது ரேடியோ அலைகளைத் தடுப்பதால், உள்ளே வைத்த ஜிபிஎஸ் கருவி வேலை செய்யாது. அமெரிக்கப் பொழுதுபோக்கு ராக்கெட்டுகளிலும் கருவி வைக்கும் முன்முனையைக் கண்ணாடி இழையில் செய்வது இதனால்தான்.

வலிமையான பொருளும் தவறான இடத்தில் தோற்கும் என்பதற்குப் பெரிய சான்று ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ஆர்பி211 விமான இயந்திரம். அதன் முன்விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்தார்கள். லேசாக இருந்தன. 1970-ல் பறவை மோதல் சோதனைக்காகக் கோழியை வேகமாக வீசியபோது இதழ்கள் சிதறின. டைட்டானிய இதழ்களுக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்தின் செலவுச் சுமையில் நிறுவனமே 1971-ல் திவாலானது. எடையையும் இழுவலிமையையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. மோதலையும் கணக்கிட வேண்டும்.

பாடத்தோடு இணைத்தல்

7-ஆம் வகுப்பில் பலபடிகள், 8-ஆம் வகுப்பில் விசையும் அழுத்தமும், 9-ஆம் வகுப்பில் கார்பனும் அவற்றின் சேர்மங்களும், 10-ஆம் வகுப்பில் இயக்க விதிகள் ஆகிய பாடங்களோடு இச்செயல்பாடுகளை இணைக்கலாம். கடலோர மாவட்டப் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி இழையைப் பசையில் படியவைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் தொழிலாளர் ஒருவர், நம்மைவிடத் தெளிவாக விளக்குவார்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்: மண்வெட்டிப் பிடியில் மர இழை எந்தத் திசையில் ஓட வேண்டும், ஏன்? மூங்கில் எளிதில் பிளந்தும் எளிதில் ஒடியாமலும் இருப்பது எப்படி? அதன் கணுக்கள் என்ன வேலை செய்கின்றன? உன் வீட்டில் பூண் போல வேலை செய்யும் பொருள்கள் எவை?

அந்த மாணவிதான் எங்கள் இரண்டாவது இறக்கையின் திசைப்படத்தை வரைந்தாள். வேரிலிருந்து முனைக்கு மூன்று கோடுகள், சாய்வாக இரண்டு, விளிம்பைச் சுற்றி ஒன்று. “இது எதுக்கு?” என்று விளிம்புக் கோட்டைக் காட்டிக் கேட்டேன். “பூண் சார்” என்றாள். அந்த இறக்கை அடுத்தடுத்த வாரங்களில் பலமுறை பறந்தது. ஒருமுறை மோதி முனை நசுங்கியது, வேரில் பிளக்கவில்லை. இப்போது அவள் வகுப்பில் கேள்வி கேட்கிறாள், சில சமயம் என்னால் உடனே பதில் சொல்ல முடியாத கேள்விகளை.

கார்பன் வாங்க உங்கள் பள்ளியில் நிதி இருக்கிறதா இல்லையா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். நாளை ஒரு செய்தித்தாளை எடுத்துச் சென்று கிழித்துக் காட்டுங்கள். உலக்கை பார்த்த மாணவர் யாரேனும் உங்கள் வகுப்பிலும் இருப்பார். அவருக்குப் பேச இடம் கொடுங்கள்.